விஞ்ஞான வகுப்புக்காக நான் கேட்காத மன்னிப்பு

நேசன்,

நேற்று ஆராதனை முடிகிற நேரம் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான் எழும்பினேன். நீ எதிர்பார்த்ததை நான் சொல்லவில்லை. இந்தச் செய்தி இதற்குள் நீ இருக்கிற வெலிங்டனுக்கு வந்து சேர்ந்திருக்கும். நம்மவர் வீடுகளில் தொலைபேசி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாதா? ஒருவர் நான் கத்தினேன் என்று சொல்லியிருப்பார், இன்னொருவர் நான் அழுதேன் என்று சொல்லியிருப்பார். நான் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. நடந்ததை நீ என்னிடமிருந்தே கேட்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் நேற்றைய கதையை மட்டும் சொன்னால் அது வயது போன ஒருத்தியின் பிடிவாதம் போலத்தான் தெரியும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பகுதியை நீ பதினைந்து வயதில் பார்த்தாய். இப்போது இன்னொரு முறை பார்.

இந்தக் கடிதத்தை நான் ஒளித்து எழுதவில்லை. எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேள் என்றவர்களுக்கு, மாட்டேன் என்பதையும் எல்லாரும் வாசிக்கிற மாதிரிச் சொல்வதுதான் நியாயம். பிரதி எடுத்துச் சபையில் விரும்பியவர்களுக்குக் கொடுப்பேன். பாஸ்டருக்கு முதல் பிரதி.

நாங்கள் இந்த ஊருக்கு வரும்போது உனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் நான் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவள். இங்கே அந்தச் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்தவர்கள் மரியாதையாகச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினேன். அப்பாவும் அதே தெருவில் ஒரு களஞ்சியத்தில் சாமான் ஏற்றி இறக்கினார். அந்தக் காலத்தில் எங்களைத் தாங்கியது சபைதான், அதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. வாடகை வீட்டுக்கு மெத்தை கொண்டுவந்து போட்டவர்கள் அவர்கள். எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் பாஸ்டரின் மனைவி. நான் வேலையை விட்டுவிட்டு இங்கத்தைய ஆசிரியர் கலாசாலைக்குப் போன வருடம், பள்ளி விட்டதும் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு கொடுத்து, தன் மகள் ஹெப்சியோடு இருத்திப் படிப்பித்ததும் அவதான். இன்றைக்கு நீ ஹெப்சியைக் கலியாணம் செய்யப்போகிறாய் என்றால் அதன் வேர் அந்தச் சமையலறையில் இருக்கிறது. நன்றி கெட்டவள் என்று என்னைப் பற்றிச் சொல்கிறவர்கள் இதை வாசிக்கட்டும். நன்றி எனக்கு நிறைய இருக்கிறது. நன்றி வேறு, நான் படித்துத் தெரிந்துகொண்டதை மாற்றிச் சொல்வது வேறு.

பிறகு தகனினிப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் போகிற அந்த அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் எனக்கு விஞ்ஞான ஆசிரியை வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். ஒவ்வொரு வருட முடிவிலும் புதுப்பிக்கவேண்டும். பதினைந்து வயதுக்காரரின் வகுப்பான ஐந்தாம் ஃபோர்மில் நீயும் ஹெப்சியும் என் வகுப்புக்கே வந்தீர்கள். ஆய்வுகூட அலுமாரியில் பழைய பாடம் செய்த கிவிப் பறவை ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கும். உயிரினங்கள் காலப்போக்கில் மாறிவந்ததைச் சொல்கிற கூர்ப்புப் பாடத்தை நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். இந்தப் பறவைக்குச் செட்டை இருக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்று எல்லாரும் சொல்வீர்கள். வந்து தேடுங்கள் என்பேன். ஒவ்வொருவராக வந்து இறகை விலக்கி, விரலை உள்ளே விட்டுத் தேடி, கடைசியில் ஒருவரின் விரலில் அது தட்டுப்படும்: பென்சில் துண்டளவில் ஒரு சின்னச் செட்டை, அதன் நுனியில் ஒரு நகம். பறக்காத பறவைக்கு இது எதற்கு என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பேன். அந்த வருடம் அதைக் கண்டுபிடித்தது நீதான். நீ திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

அந்த வருடம்தான் பள்ளி நிர்வாகசபைக்குத் தேர்தல் வந்தது. இந்த நாட்டில் பெற்றோர் வாக்குப் போட்டு ஆள் தெரிவு செய்வார்கள், அவர்கள்தான் பள்ளியை நடத்துவார்கள், ஆசிரியரை வைப்பதும் நிறுத்துவதும் அவர்கள் கையில். இப்படியொரு ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். பக்கத்து ஊரில் இருந்த பெரிய ஆங்கிலச் சபை ஒன்றைச் சேர்ந்த மூன்று பெற்றோர் அந்த முறை தெரிவானார்கள். நல்ல மனிதர்கள்தான். கன்டீனுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், விளையாட்டு மைதானத்தில் புல்லு வெட்டினார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் ஃபோர்ம் விஞ்ஞானத்தில் கூர்ப்பு படிப்பிக்கிற அளவுக்கு, ஆண்டவர் உலகை ஆறு நாளில் படைத்தார் என்ற சிருஷ்டிப்பும் படிப்பிக்கவேண்டும், அதுவும் விஞ்ஞானம்தான், அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன, வந்து பேச ஆள் இருக்கிறார் என்று. அதிபர் எவரோடும் முரண்படாதவர். இரண்டு பக்கமும் கேட்கலாமே என்றார். பெற்றோரையும் கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று முடிவாகியது.

அந்தப் புத்தகங்களை வாங்கிவந்து நான் முழுவதும் வாசித்தேன். வாசிக்காமல் எதிர்த்தேன் என்று பாஸ்டர் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார், அது உண்மையில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பென்சிலோடு இருந்து வாசித்தேன். எனக்கு அதில் கோபம் வந்தது ஆண்டவரைப் பற்றி எழுதியிருந்ததற்கு அல்ல. ஒரு விஞ்ஞானி எழுதிய வசனத்தின் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். பின்பாதியில் அவர் அதற்குப் பதில் சொல்லியிருப்பார், அதை விட்டுவிட்டார்கள். இப்படி ஒரு இடத்தில் அல்ல, பல இடங்களில். நான் பள்ளி நூலகத்தில் மூலப் புத்தகத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை பரிசோதனை முடிவை இப்படி வெட்டி ஒட்டிக் கொண்டுவந்தால் நான் சைபர் போடுவேன். ஆண்டவருடைய பெயர் போட்டிருப்பதால் அதற்குக் கூடுதல் புள்ளி போடவேண்டும் என்றால், அது ஆண்டவருக்குச் செய்கிற மரியாதையா?

ஒரு சனிக்கிழமை பாஸ்டரும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். நீ உன் அறையில் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தாய். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு முடிந்த பிறகு பாஸ்டர் விஷயத்துக்கு வந்தார். பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை ஆதரித்து நான் பேசவேண்டும் என்று கேட்டார்.

“ரீச்சர், நாங்கள் சொன்னா அது சாதாரண ஆக்கள் சொல்லுறது. நீங்கள் விலங்கியல் படிச்சவ, விசுவாசி. உங்கட வாயால வந்தா அவையள் கேப்பினம்” என்றார்.

நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். உலகம் ஆறு நாளில் உண்டானது என்பது பிழை என்று உங்களுக்குக் காட்டவேண்டும் என்றால், நான் என்னத்தைக் கொண்டுவந்து காட்டவேண்டும்? எந்தக் கல்லு, எந்த எலும்பு, எந்த அளவு? அவர் யோசிக்கவே இல்லை. ஒன்றும் காட்டமுடியாது, எது வந்தாலும் வேதம் மாறாது என்றார். நேர்மையான மனிதர், அதனால்தான் அப்படிச் சொன்னார்.

“அப்ப அது விஞ்ஞானம் இல்லை பாஸ்டர், விசுவாசம். அதை ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கோ, நான் ஆமென் சொல்லுறன். திங்கட்கிழமை ஆய்வுகூடத்துக்கை கொண்டுவராதையுங்கோ. அங்கை எல்லாத்தையும் பிழையோ எண்டு கேட்டுப் பாக்கிறதுதான் வேலை. வேதத்தைக் கொண்டுவந்து அந்த மேசையில வைச்சா அதையும் அப்பிடித்தான் கேக்கவேணும். உங்களுக்கு அது சம்மதமோ?” என்றேன்.

அவர் எழும்பிவிட்டார். போகும்போது வாசலில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் போனார். ஜெபத்தில் என் பெயர் இரண்டு முறை வந்தது. அவர்கள் போன பிறகு அப்பா பாத்திரம் கழுவிக்கொண்டே, உன் வேலை அந்த நிர்வாகசபையின் கையில்தான் இருக்கிறது, தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன். அவர் அடுத்த பாத்திரத்தை எடுத்தார். கூட்டத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். வேலையும் நிலைத்திருக்கும், சபையும் குறை சொல்லியிருக்காது, அதிபருக்கும் நிம்மதி. ஆனால் கிவியின் செட்டையை உன் விரலில் தொடவைத்துவிட்டு, அடுத்த கிழமை வேறொருவர் வந்து அதைப் பொய் என்று சொல்லும்போது நான் மூலையில் கொப்பி திருத்திக்கொண்டு இருப்பதா?

கூட்டம் பள்ளி மண்டபத்தில் நடந்தது. கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். எங்கள் சபையிலிருந்து மட்டும் இரண்டு வான் நிறைய வந்திருந்தார்கள். மாணவர் பக்கத்திலிருந்து ஒருவர் பேசுவார் என்று நிர்வாகசபைத் தலைவர் அறிவித்தபோதுதான், எங்கள் சபை இளைஞர் குழு உன்னை ஆயத்தப்படுத்தியிருப்பது எனக்குத் தெரிந்தது. நான் காலையில் ஸ்திரி போட்டுக் கொடுத்த அதே சேட்டோடு நீ மேடைக்குப் போனாய். எங்களுக்கு இரண்டு பக்கத்தையும் கேட்க உரிமை உண்டு, ஏன் எங்களிடமிருந்து ஒரு பக்கத்தை மறைக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் வாசித்தாய். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் ஓயுமுன்னர் தலைவர் அடுத்ததாக என் பெயரை வாசித்தார்.

நான் சொன்னது உனக்குத் தெரியும் என்று நினைப்பாய். எனக்குச் சந்தேகம். நீ தலையைக் குனிந்துகொண்டிருந்தாய். நான் கிறிஸ்தவள் என்று தொடங்கினேன். ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சிருஷ்டிப்பின் கதையைச் சொல்லிக்கொடுப்பவள் நான்தான், அதை இனியும் சொல்லிக்கொடுப்பேன் என்றேன். ஆனால் விஞ்ஞான வகுப்பு என்பது எல்லாக் கருத்தையும் வரிசையில் விட்டு வாக்கெடுக்கிற இடம் அல்ல, சோதித்துப் பார்த்து நின்றதை மட்டும் சொல்லுகிற இடம் என்றேன். இந்தப் புத்தகங்கள் சோதனையில் நிற்கவில்லை என்று சொல்லி, வெட்டப்பட்ட வசனங்களில் மூன்றை முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். என் விசுவாசத்துக்கு என் வகுப்பின் உதவி தேவையில்லை, என் வகுப்புக்கும் என் சபையின் அனுமதி தேவையில்லை என்றேன். அப்போதுதான் அந்த மூன்று பேரில் ஒருவர் எழும்பி, சிரித்தபடி, மேடம், உங்கள் சொந்த மகனே உங்களுக்கு எதிராகப் பேசியிருக்கிறானே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலைத்தான் நீ ஏழு வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறாய். தமிழில் சொன்னால் இதுதான் அது: “அவனுக்குப் பதினைந்து வயது. பிழையாகச் சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. பிழையாகப் படிப்பிக்க எனக்கு உரிமை இல்லை.”

மண்டபத்தில் சிரித்தார்கள். உன் முகம் சிவந்தது எனக்குத் தெரிந்தது. உன்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று நீ நினைத்தாய். இருக்கலாம். ஆனால் அந்த வசனத்தை இன்றைக்கு நிதானமாகத் திருப்பிப் படித்துப் பார். அதில் உன் உரிமைக்காகவும்தான் நான் பேசியிருக்கிறேன். உன்னை மேடையில் ஏற்றியவர்கள் உன்னை என்னை அடிக்கிற ஒரு தடியாகப் பாவித்தார்கள். நான் உன்னை, மாறக்கூடிய, யோசிக்கக்கூடிய ஒரு பையனாக மதித்தேன். என் வாழ்க்கையில் நான் உனக்குச் செய்த பிழைகள் உண்டு, கேட்டால் நானே சொல்வேன். இது அவற்றில் ஒன்று அல்ல.

எனக்குப் பிறகு மெரே எழும்பினா. நிர்வாகசபையில் இருந்த, இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண், மூன்று பிள்ளைகளை அந்தப் பள்ளியில் விட்டிருந்தவ. வானமும் பூமியும் பிரிந்த கதை எங்களிடமும் இருக்கிறது, என் மாமாமார் அதை விடிய விடியச் சொல்லுவார்கள், உங்களுடையது உள்ளே வந்தால் அவர்களும் வந்து வரிசையில் நிற்பார்கள், பிறகு என் மகள் ஸ்கூல் சர்டிஃபிகேட் பரீட்சைக்கு எப்போது படிப்பது என்று கேட்டா. இந்த முறை மண்டபம் முழுவதும் சிரித்தது. நிர்வாகசபையின் வாக்கு சரிசமனாகப் பிரிந்தது. தலைவர் தன் தீர்ப்பு வாக்கைப் போட்டுத் தீர்மானத்தைத் தோற்கடித்தார். வெளியிலிருந்து வருகிற பேச்சாளர் மத்தியான இடைவேளையில் மண்டபத்தில் பேசலாம், விரும்பிய பிள்ளைகள் போகலாம், விஞ்ஞான வகுப்பு விஞ்ஞான வகுப்பாக இருக்கும் என்று முடிந்தது. அந்தப் பேச்சாளர் வந்த அன்று அவருக்கு மண்டபத்தைத் திறந்துவிட்டு, படம் காட்டுகிற கருவிக்கு வயர் தேடிக் கொடுத்தது நான்தான். அதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வரும்போது நீ காரின் பின்சீற்றில் போய் இருந்தாய். அடுத்த கிழமை பாஸ்டரின் மனைவி வந்து ஞாயிறு பாடசாலைச் சாமான்களைத் திருப்பிக் கேட்டா. துணிப்பலகையும் அதில் ஒட்டுகிற படங்களும் என்னிடம் இருந்தன. சூரியன், சந்திரன், மீன், யானை, ஆதாம், ஏவாள். ஆறு நாளையும் நானே வருடா வருடம் ஒட்டிக் காட்டியவள். பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். அவவுக்கும் கண் கலங்கியது, எனக்கும்தான். ஆனால் அவ பெட்டியை எடுத்துக்கொண்டு போனா. அதன் பிறகு பாட்டுக் குழுவில் என்னைக் கூப்பிடவில்லை. கோயில் முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், நான் நிற்கிற பக்கத்தில் ஆட்கள் மெல்லக் குறைவார்கள். பள்ளியிலும் என்னை நிரந்தரமாக்குகிற பேச்சு ஒரு வருடம் தள்ளிப் போனது. சபைச் செயற்குழுவில் அப்பாவைக் கூப்பிட்டு, மனைவியை அடக்கி வையுங்கோ என்றார்களாம். அவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை. செயற்குழுவில் இருந்த இன்னொருவர் பல மாதம் கழித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பா அவர்களிடம் சொன்னாராம்: “அவ சொல்லுறது எனக்கு முழுக்க விளங்கேல்லை. ஆனா அவ பொய் சொல்லுற ஆள் இல்லை. அது எனக்குக் காணும்.”

பலர் என்னை வேறு சபைக்குப் போகச் சொன்னார்கள். நகரத்தில் உள்ள ஆங்கிலச் சபைகளில் இதையெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்கள். நான் போகவில்லை. தமிழில் ஜெபிக்காவிட்டால் எனக்கு ஜெபித்த மாதிரி இல்லை. அதைவிட, நான் போனால் அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும்: கூர்ப்பை ஏற்றுக்கொண்டவள் விசுவாசத்தை விட்டுவிட்டாள் என்று. ஒவ்வொரு ஞாயிறும் அதே வாங்கில் போய் இருந்தேன். பாஸ்டரின் பிரசங்கத்தில் நல்லது வந்தபோது ஆமென் சொன்னேன். என்னைக் குத்தி வந்தபோது நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். என்னோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்காத அந்தக் காலத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. தான் பகலில் செய்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் நாள் முழுவதும் இருந்தவர் அவர். இந்த மனிதரை வெறுக்க எனக்கு முடியவில்லை, அதனால்தான் அவருக்குப் பயப்படவும் முடியவில்லை.

நீ வெலிங்டனுக்குப் படிக்கப் போனாய், அங்கேயே வேலையும் எடுத்தாய். ஹெப்சி ஆல்பனியில் கணக்கியல் படித்து முடித்தாள். நீங்கள் இரண்டு பேரும் விரும்புகிறீர்கள் என்று தெரிந்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். பாஸ்டரும் மறுக்கவில்லை. ஒரேயொரு நிபந்தனை வைத்தார். கலியாணத்துக்கு முதல் நான் சபை முன்னால் எழும்பி, அன்றைக்கு நிர்வாகசபையில் பேசியது பிழை என்று சொல்லவேண்டும், தன்னுடைய சம்பந்தி வேதத்துக்கு எதிராகப் பேசியவள் என்ற கதை அதோடு முடியவேண்டும் என்று. நீ போன கிழமை தொலைபேசியில் சொன்னாய்: “ஒரு வசனம்தானேயம்மா. சொல்லிப்போட்டு இருங்கோவன். நீங்கள் மனசுக்கை என்ன நினைச்சாலும் ஆருக்குத் தெரியப்போகுது?”

எனக்குத் தெரியும், ராசா. நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஆண்டவர் ஒருவர் இருக்கிறார் என்று நானும் நம்புகிறேன், அவருக்கும் தெரியும். அவருடைய வீட்டில் நின்று, அவருக்காகத்தான் என்று சொல்லி, பொய் சொல்லச் சொல்கிறாய். இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளிடம், கண்டதை எழுது, காணாததை எழுதாதே என்று சொல்லிவந்தவள் நான். அந்த வகுப்பறைகளில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அதோடு நான் துரோகம் செய்தவளாவேன். உன் கலியாணத்துக்காக நகையை விற்கச் சொன்னால் விற்பேன். இதைக் கேட்டிருக்கக் கூடாது.

நேற்று நடந்தது இதுதான். பிரசங்கம் முடிந்து அறிவிப்புகள் முடிந்த பிறகு, ஒரு சகோதரி சாட்சி சொல்ல இருக்கிறா என்று பாஸ்டர் சொன்னார். நான் முதல் நாளே அவரிடம் தொலைபேசியில், கூப்பிட்டால் எழும்புவேன், ஆனால் நீங்கள் நினைப்பதைச் சொல்லமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஆட்களைக் கண்டால் மனம் மாறிவிடுவேன் என்று நினைத்தாரோ தெரியாது. எழும்பினேன். முன்வாங்கைப் பிடித்துக்கொண்டேன்.

“பாஸ்டர், நான் நிறைய விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறன், இனியும் கேப்பன். இதுக்குக் கேட்டா ஆண்டவருக்கு முன்னால பொய் சொன்னதாகும். அண்டைக்குச் சொன்னதைத்தான் இண்டைக்கும் சொல்லுறன். விஞ்ஞான வகுப்பில விஞ்ஞானம்தான் படிப்பிக்கவேணும். அதைச் சொன்னதால நான் உங்களில ஒருத்தி இல்லை எண்டு ஆகாது” என்றேன். சொல்லிவிட்டு இருந்தேன்.

பாஸ்டர் வேதப்புத்தகத்தை மூடினார். பிறகு, “அப்ப இந்தக் கலியாணத்தை என்னால நடத்தேலாது, ரீச்சர்” என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. கடைசிப் பாட்டுக்குக் கீபோர்ட் வாசிக்கவேண்டியவள் ஹெப்சி. அவள் ஒரு நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள், பிறகு வாசித்தாள். நான் பாடினேன். அப்பாவும் பாடினார், அவருக்கு ராகம் வராது என்று உனக்குத் தெரியும்.

நாங்கள் காருக்கு வந்தபோது ஹெப்சி பின்னால் ஓடிவந்தாள். என்னைக் கட்டிப்பிடிக்க வரவில்லை, அதனால் நீ அப்படிக் கற்பனை செய்யாதே. மூச்சு வாங்க நின்று சொன்னாள்: “அன்ரி, நான் உங்களோட ஒத்துப்போகேல்லை. ஆறு நாள் எண்டுதான் நான் நம்புறன், இனியும் நம்புவன். ஆனா நீங்கள் நம்பாததை உங்களைச் சொல்ல வைச்சு எனக்கொரு வெடிங் வேண்டாம். டாட் கேட்டது எனக்கு விளங்குது. நேசன் கேட்டதுதான் எனக்கு விளங்கேல்லை.”

அப்பா கார்க் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் அவளுக்கு நன்றி சொன்னேன். நேசன் அழைத்தால் எடுப்பாயா என்று அவளைக் கேட்டேன். தொலைபேசியில் எடுக்கமாட்டேன், நேரில் வந்தால் கதைப்பேன் என்றாள்.

ஆகவே உன் கலியாணம் நின்றது என்னால் என்று நினைத்துக்கொண்டு வெலிங்டனில் இருக்காதே. அது இன்னும் நிற்கவில்லை. அந்தப் பெண் நான் நம்புவதை நம்பவில்லை, ஆனாலும் நீ என்னிடம் கேட்டது எவ்வளவு கேவலமான விஷயம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு ஏற்றவனாக இருக்க விரும்பினால் பஸ்ஸோ பிளேனோ பிடித்து வா. முதலில் அவளைப் பார். பிறகு அவளுடைய தகப்பன் முன்னால் போய் நின்று, என் அம்மா மன்னிப்புக் கேட்கமாட்டா, இனி நானும் கேட்கச் சொல்லமாட்டேன் என்று உன் வாயால் சொல்லு. அன்றைக்குப் போல யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்காதே. அதற்குப் பிறகு அவர் நடத்தினால் சபையில் நடக்கட்டும், நடத்தாவிட்டால் பதிவு அலுவலகத்தில் நடக்கட்டும். எங்கே என்றாலும் நானும் அப்பாவும் வருவோம். பாஸ்டரின் மனைவியை நானே போய்க் கூட்டிவருவேன், அவ வருவா.

ஹெப்சி தான் நம்புவதை நம்பட்டும். நீயும் யோசித்து, உனக்குச் சரியென்று படுவதை நம்பு. நான் எதையும் உன் தலையில் கட்டமாட்டேன். ஆனால் நாளைக்கு உங்களுக்குப் பிள்ளை பிறந்து, அது வளர்ந்து ஐந்தாம் ஃபோர்மில் போய் இருக்கும்போது, அந்த வகுப்பில் நிற்கிற ஆசிரியர் தனக்குத் தெரிந்ததை ஒருவருக்கும் பயப்படாமல் சொல்லட்டும். அதைத் தடுக்க யாராவது வந்தால், அது பாஸ்டராக இருந்தாலும் சரி, நீயாக இருந்தாலும் சரி, எனக்கு எத்தனை வயதாக இருந்தாலும் கூட்டத்துக்கு வந்து என் பெயரைப் பேச்சாளர் வரிசையில் கொடுப்பேன்.

அம்மா